கதவடைத்து உண்ட சோறு: ‘ஓஷின்’ தொடரை மீளப் பார்த்தல்

‘ஓஷின்’ என்ற பெயரை எங்கள் வயதுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. யப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி 1983 ஏப்ரல் 4 இலிருந்து 1984 மார்ச் 31 வரை, காலைவேளையில், பதினைந்து பதினைந்து நிமிடமாகக் காட்டிய தொடர் அது. மொத்தம் 297 பாகங்கள். எழுதியவர் சுகாகோ ஹஷிதா என்ற பெண். அந்த நாட்டில் அதன் சராசரிப் பார்வை வீதம் 52.6, உச்சம் 62.9. பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிற்று. யப்பானிய உதவியில் கட்டி 1982 இல் தொடங்கப்பட்ட எங்கள் ரூபவாஹினியிலும் சிங்களக் குரலோடு வந்தது. அயல்வீட்டு வாசற்படியில் இருந்துகொண்டு, விளங்கியும் விளங்காமலும், துண்டு துண்டாகப் பார்த்தவள் நான். முழுமையாகப் பார்த்தது கொரோனா முடக்க காலத்தில்தான். பாடசாலை பூட்டிக் கிடந்தது. கைபேசியில், கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசித்து, பக்கத்தில் இருந்த உம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

பார்த்து முடித்தபோது ஒரு சந்தேகம் வந்தது. இந்தத் தொடரை நாங்கள் இவ்வளவு காலமும் பிழையாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோமோ? எங்கள் மேடைகளிலும் மாதர் கூட்டங்களிலும் ஓஷின் என்றால் ஸப்ர். கஷ்டப்பட்டாள், தாங்கினாள், கடைசியில் பல கடைகளுக்குச் சொந்தக்காரியானாள். ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்லத் தோதான கதை. நானும் வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஹஷிதா எழுதியது அதுவல்ல. தொடரின் முதற் காட்சியையே எடுத்துப் பாருங்கள். குடும்பத்தின் பதினேழாவது கடை திறக்கப்படும் நாள். எண்பது கடந்த ஓஷின் அங்கே இல்லை. ஒருவருக்கும் சொல்லாமல் ரயிலேறிப் போய்விட்டாள். வெற்றியில் முடியும் பொறுமைக் கதை என்றால், கதாநாயகி ஏன் அந்த வெற்றிநாளில் வீட்டைவிட்டு ஓட வேண்டும்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுத்தான் நாங்கள் கதையைச் சொல்லி வந்திருக்கிறோம்.

எனக்குப் பட்டது இதுதான்: ‘ஓஷின்’ சோற்றுக் கணக்கின் கதை. ஒரு குடும்பத்துக்குள் யார் எவ்வளவு சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை, யாரைக் கொடுத்து மற்றவர்கள் சாப்பிட்டார்கள் என்பதை வெட்கப்படாமல் எண்ணிக் காட்டும் கதை.

1901 இல் யமகத்தா மலைப்பக்கத்தில் ஒரு குத்தகைக் கமக்காரன் வீட்டில் பிறந்தவள் ஓஷின். விளைந்ததில் பெரும்பங்கு காணிக்காரனுக்குப் போய்விடும். மிஞ்சிய அரிசியில் முள்ளங்கியைக் கொத்திப் போட்டுப் பெருக்கி அவிப்பார்கள். ‘தைக்கோன்மெஷி’, முள்ளங்கிச் சோறு. அந்த வீட்டில் வயிற்றுப்பிள்ளை ஒன்று வேறு. தாய் பனிக்கால ஆற்றில் இறங்கி இடுப்பளவு நீரில் நிற்கிறாள், அந்தக் கரு தங்காமல் போகட்டும் என்று. ஏழு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துவிடுகிறது. யப்பானியரிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, ‘குச்சிபெராஷி’. வாயைக் குறைத்தல் என்று பொருள். தின்னும் வாய்களில் ஒன்றைக் குறைப்பது. அந்த ஏழு வயதுப் பிள்ளை ஒரு மரவியாபாரி வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள். ஒரு வருட வேலைக்குக் கூலி ஒரு மூடை அரிசி.

இந்த இடத்தில் உம்மா கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். மொகாமி ஆற்றில் தெப்பத்தில் பிள்ளை போகிறது, கரையில் தகப்பன் ஓடுகிறான், தாய் நிற்கிறாள். உலகமே அழுத காட்சி. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உம்மா அழவில்லை. “அந்த மூடை எத்தனை கிலோ?” என்றார். அறுபது கிலோ வரும் என்றேன். விரல்விட்டு எண்ணினார். “அஞ்சாறு பேருக்கு ரெண்டு மாசம் வராது. முள்ளங்கி போட்டால் மூண்டு மாசம்” என்றார். ஹஷிதா எதிர்பார்த்த பார்வையாளர் நானல்ல, உம்மாதான் என்று அப்போது நினைத்தேன்.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்த இடத்தில் சிறுபாணாற்றுப்படை ஞாபகம் வராமல் போகாது. நல்லூர் நத்தத்தனார் அதில் ஒரு வறிய வீட்டைக் காட்டுகிறார். கூரை இற்ற அடுக்களை. குட்டி ஈன்ற நாய் அதற்குள் கிடக்கிறது. பசியால் ஒடுங்கிய பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் அவிக்கிறாள். பிறகு கதவை அடைக்கிறாள். அயற்பெண்கள் கண்டுவிடக்கூடாதே என்ற வெட்கம். அடைத்த கதவுக்குள் சுற்றத்தோடு இருந்து அதை உண்கிறாள். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது உப்பில்லாத கீரைதான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அந்தக் கதவுதான் பெரிதாகத் தெரிகிறது. புலவர் அந்தக் கதவைத் திறந்தார். ஹஷிதாவும் திறந்தார். அதுவும் எந்த நேரத்தில்? யப்பான் செல்வத்தில் திளைத்த 1983 இல், வீட்டுக்கு வீடு காலைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே. முட்டையும் பாணும் தின்றுகொண்டிருந்தவர்களுக்கு முன்னால் கொண்டுவந்து முள்ளங்கிச் சோற்றை வைத்தார்.

எங்கள் இலக்கியத்தில் அந்தக் கதவு இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரத்துச் சனங்களும் அதில் அடக்கம். அதைப் பற்றி எழுதியிருக்கிறோம். கவிதை இருக்கிறது, கதை இருக்கிறது, ஆய்வு இருக்கிறது. விட்டுவந்த வளவு, கிணறு, பள்ளிவாசல், மாடு, நகை எல்லாம் எழுத்தில் வந்துவிட்டன. முகாமில் யார் என்ன சாப்பிட்டார் என்பது மட்டும் வரவில்லை. வந்தாலும் “பசியால் வாடினோம்” என்று ஒரு வரியில், எல்லாருக்கும் ஒரே பசி போல வரும். ஒரு குடும்ப அட்டைக்குக் கிடைத்த அரிசியும் மாவும் பருப்பும் அந்தக் குடும்பத்துக்குள் எப்படிப் பங்காயின? ஆண்பிள்ளைக்கு எவ்வளவு, பெண்பிள்ளைக்கு எவ்வளவு? விடியமுதல் வெங்காயத் தோட்டத்துக்குப் போன உம்மாமார் எதைத் தின்றுவிட்டுப் போனார்கள்? கிடுகுக் கொட்டிலின் வாசலில் தொங்கிய உரப்பையை எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் இழுத்துவிடுவோமே, அது ஏன்?

சில வருடத்துக்கு முந்தி ஒரு தொகுப்புக்காக இதைப் பற்றிச் சில பக்கம் எழுதிக் கொடுத்தேன். தொகுத்தவர் நல்ல மனிதர். “டீச்சர், இதெல்லாம் வேண்டாமே. குடும்ப மானம். ஊரைப் பற்றி எழுதுங்கோ” என்றார். ஊரைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தது. அந்தப் பக்கங்கள் இன்னும் என் அலுமாரியில் கிடக்கின்றன.

எங்களுக்குப் பசிக் கதைகள் இல்லாமலில்லை. மத்ரஸாவுக்குப் போன பிள்ளை எதுவும் சொல்லும், கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் போன கதையை. பிள்ளைகள் பசியில் அழ, தாய் அடுப்பில் வெறும் தண்ணீரை வைத்து, சமைப்பதாகப் பாவனை செய்து அவர்களை உறங்கவைக்கிறாள். கலீபா ஓடிப்போய் மாமூடையைத் தன் முதுகிலேயே சுமந்து வருகிறார். நாங்கள் இதை எப்போதும் கலீபாவின் மேன்மைக்காகவே சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்தப் பெண் யாரென்று தெரியாமல் கலீபாவிடமே கலீபாவைப் பற்றி முறையிடுகிறாள் என்பதும் அந்தக் கதையில்தான் இருக்கிறது. அந்த முறைப்பாடு இல்லாவிட்டால் மாமூடை இல்லை. சுமந்தவரின் பக்கமாகவே நின்று சொல்லிப் பழகியதால் பானைப் பக்கம் எங்கள் கண் போவதில்லை. எங்கள் நிவாரணகால எழுத்தும் அப்படியே. கொடுத்த நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பானை இல்லை.

ஓஷினுக்கு ஈரானில் நடந்ததையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அங்கே ‘வீட்டுக்குத் தொலைவில் கழிந்த ஆண்டுகள்’ என்ற பொருள்படும் பெயரில், அவர்களுக்கு ஒவ்வாத பகுதிகளை வெட்டியும் மாற்றியும், தொடர் ஒளிபரப்பாயிற்று. ஈராக்கோடு நடந்த நீண்ட யுத்தத்தால் நொந்து, கூப்பனுக்குச் சாமான் வாங்கிய காலம். 1989 ஜனவரியில் வானொலி நிகழ்ச்சியொன்றில், முஸ்லிம் பெண்ணுக்கு முன்மாதிரி யாரென்ற பேச்சில், ஒரு பெண் பாத்திமா (ரலி) அவர்களை விட்டு ஓஷினைச் சொல்லிவிட்டார். கொமெய்னி சினந்தார். ஒலிபரப்பில் பொறுப்பாயிருந்தவர்கள் தண்டனைக்கு உள்ளாகிப் பின்னர் மன்னிக்கப்பட்டார்கள். அந்தப் பெண் சொன்னதை நான் சரியென்று சொல்ல வரவில்லை. ஏன் சொன்னார் என்று கேட்கிறேன். திருகையில் மா அரைத்துக் கை நொந்து, வேலைக்கு ஒரு ஆள் வேண்டுமென்று தன் தந்தையிடம் கேட்கப்போன பாத்திமா (ரலி) புகாரியிலே இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் ஓதக் கற்றுக்கொடுத்த தஸ்பீஹை நாங்கள் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் விரலில் எண்ணுகிறோம். திருகையை மறந்துவிட்டோம். நொந்த கையோடு இருக்கும் பாத்திமாவை யாராவது அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருந்தால், அவர் ஒரு யப்பானியப் பிள்ளையைத் தேடிப் போயிருப்பாரா?

தொடரின் நடுப்பகுதியை விரைவாகக் கடக்கிறேன். தோக்கியோவில் சிகையலங்காரம், திருமணம், 1923 நிலநடுக்கத்தில் எல்லாம் நாசம், சாகா ஊரில் மாமியார் கொடுமை, பிறக்கும்போதே இறந்த பிள்ளை. இவற்றில் கொஞ்சம் எங்கள் சென்னைத் தொடர்களின் வாடையும் அடிக்கிறது. மாமியாரை அவ்வளவு இழுத்திருக்கத் தேவையில்லை. உம்மாவுக்கு என்னமோ அந்தப் பகுதிதான் பிடித்திருந்தது.

தொடர் மறுபடி உயர்வது போர்க்காலத்தில். கணவன் ரியூசோ இராணுவத்துக்குப் பொருள் வழங்கும் தொழிலில் இறங்குகிறான். ஊரெல்லாம் பங்கீட்டுக்கு வரிசையில் நிற்க, இவர்கள் வீட்டில் குறைவில்லை. ஓஷினுக்குப் போர் கூடாதென்று தெரியும். சிறுவயதில், அந்த மரவியாபாரி வீட்டில் திருட்டுப்பழி சுமத்தப்பட்டுப் பனிக்குள் ஓடி விழுந்தவளைக் காப்பாற்றி, எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தவன் இராணுவத்தைவிட்டுத் தப்பிய ஒரு போர்வீரன். அவள் கண்முன்னே சுடப்பட்டு இறந்தவன். அவன் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். மூத்தமகன் போர்முனைக்குப் போய்த் திரும்பவேயில்லை. போர் தோற்றதும், ஊர் இளைஞரைப் போருக்கு அனுப்புவதில் முன்நின்ற ரியூசோ தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறான். எண்பது வயதில் அவள் ரயிலேறியதன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாசிப்பு. ஒரு மூடை அரிசிக்கு விலைப்பட்டவள், தன் வீட்டுச் சோறு எதற்கு விலையாகக் கிடைத்தது என்று திரும்பிப் பார்க்கிறாள். ஸப்ர் கதையில் இதற்கு இடமில்லை. கணக்குக் கதையில்தான் உண்டு.

இந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று நாள் தொடரைத் தொடவில்லை. 1990 இல் எங்களைப் போகச் சொன்னபோது அயலவர்களில் அழுதவர்கள் உண்டு, பேசியவர்கள் குறைவு. அதை நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். ஆனால் 2009 இல் அதே அயலவர்கள் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது, நாங்கள் புத்தளத்தில் சோறு தின்றுகொண்டிருந்தோம். செய்தி கேட்டோம். பேசவில்லை. பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். ஒன்றும் ஆகியிராது. ஓஷின் பேசியிருந்தாலும் போர் நின்றிராது.

இங்கே மே மாதத்தில் தெருவோரம் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். தேங்காய்ப்பால் இல்லை, வெறும் உப்புக்கஞ்சி. என்னோடு படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் ஒரு தடவை கூப்பிட்டார்: “வாங்கோ டீச்சர், உப்பு மட்டும்தான். நீங்கள் குடிக்கலாம்.” அந்தக் கடைசி இரண்டு சொல் எனக்குக் குத்தியது. நாங்கள் நோன்புக் கஞ்சியை வாளியில் கொடுத்துவிடும்போது “இறைச்சி போடேல்ல” என்று சொல்லித்தானே கொடுக்கிறோம். நின்று குடித்தேன். எங்கள் ஆட்களில் சிலர் அதைப் பார்த்ததும் தெரியும். அவர்கள் அந்தக் கஞ்சியைத் தெருவில் வைத்துக் காய்ச்சுவது, நத்தத்தனாரின் கதவைத் திறந்துவைப்பதுதான். எங்கள் முகாம்ச் சோற்றை நாங்கள் எங்கே வைத்துக் காய்ச்சுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திறந்த கதவைத் திரும்ப அடைக்கவும் முடியும். அதே என்.எச்.கே. காலைத்தொடர் வரிசையில் 2018 – 2019 இல் ‘மன்புகு’ வந்தது. பெயரின் பொருளே வயிறு நிறைதல் மாதிரித்தான். உடனடி நூடில்ஸைக் கண்டுபிடித்து 1958 இல் விற்பனைக்கு விட்ட மொமொஃபுகு அந்தோவினதும் அவர் மனைவியினதும் வாழ்க்கையைத் தழுவியது. எங்கள் பிள்ளைகள் ஹலால் முத்திரை பார்த்து வாங்கித் தின்கிறார்களே, அந்தச் சுருள் நூடில்ஸின் மூலக்கதை. நல்ல தயாரிப்பு, நல்ல நடிப்பு, சமையற்கட்டு அன்பு, எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தோ தாய்வானில் பிறந்தவர், யப்பானியக் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட ஒரு பிறத்தியார். தொடரில் அவர் சொந்த யப்பானியராகிவிடுகிறார். ஊர்மாறி வந்தவன் கண்டுபிடித்த சாப்பாட்டை வைத்துக்கொண்டு, ஊர்மாறி வந்ததை மட்டும் எடுத்துவிட்டார்கள். காலைச் சாப்பாட்டோடு பார்ப்பவர்களுக்குச் செரிக்க வேண்டுமே.

ஹஷிதாவும் இதில் முற்றாகத் தப்பவில்லை. அவர் 1925 இல் பிறந்தது அன்று யப்பான் வசமிருந்த கொரியாவின் சோலில். கொரியாவில் விளைந்த அரிசி கப்பலேறி யப்பானுக்குப் போக, விளைவித்தவர்கள் தினை தின்ற காலம் அது. ஓஷினின் அரிசிக் கணக்கு யப்பானுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தன் வீட்டுக் கதவைத் திறப்பவர்களுக்கும் அயல்வீட்டுக் கதவு தெரிவதில்லை போலும். இதை எழுதும் எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அலுமாரியில் கிடக்கும் அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது பொய்யாகிவிடும். 1991 இல் என் ராத்தாவுக்கு வயது பதின்மூன்று. முகாமிலிருந்து தூரத்து ஊரொன்றில் வசதியான ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டா. ஒரு வருடத்துக்கு மேல் இருந்தா. வீட்டில் அதை “படிக்கப் போயிருக்கிறா” என்று சொன்னோம். அக்கம்பக்கத்திலும் சில பிள்ளைகள் அப்படிப் ‘படிக்க’ப் போனார்கள். அந்த வீட்டிலிருந்து மாதா மாதம் அரிசி வந்தது. அதைத் தின்றுதான் நான் ஆறாம் வகுப்புப் படித்தேன். சிறப்புப் பட்டம் வரைக்கும் போனேன். உம்மா ஓஷினின் மூடையை எண்ணியது எங்கிருந்து வந்த கணக்கென்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இதை எழுதப் போகிறேன் என்று ராத்தாவிடம் அனுமதி கேட்டேன். மறுக்கவில்லை. அந்த வீட்டில் அடித்தார்களா என்று கேட்டேன். இல்லையென்றா. “சோறு நல்லா தந்தாங்க. மீன் ரெண்டு துண்டு வைப்பாங்க. அதைப் பார்த்தா உங்கட முகம் வரும். சில நாள் குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத்தான் திண்டன்.”

தொடரை இப்போது ராத்தாவும் பார்க்கிறா. முப்பதாவது பாகம் தாண்டிவிட்டா. மேற்கொண்டு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டாமென்று கட்டளை.